தம்புள்ளை குகை விகாரைக்குப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

இலங்கையில் தம்புள்ளை என்றதும் எங்கள் ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மரக்கறிச் சந்தைதான். நுவரெலியா கேரட்டும் யாழ்ப்பாணத்து வெங்காயமும் லொறி லொறியாக வந்து இரவு முழுக்கக் கைமாறும் ஊர் அது. அந்த ஊரின் தெற்கு ஓரத்தில், சமதரையிலிருந்து சுமார் 160 மீட்டர் உயரத்துக்கு ஒரு பெரும் பாறைமலை எழுந்து நிற்கிறது. அதன் மேல்பகுதியில், பாறை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு அடியில், ஐந்து குகைகள். இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாக அங்கே பிக்குகள் இருக்கிறார்கள், விளக்கு எரிகிறது.

நான் மாத்தளையில் பிறந்து வளர்ந்தவள். சென்னையிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் உறவுக்காரரைக் கூட்டிக்கொண்டு பலமுறை இந்த மலை ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கே இருக்கிறது, எப்படிப் போவது?

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில். கண்டியிலிருந்து 72 கிலோமீட்டர், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கண்டி - யாழ்ப்பாணம் ஏ-9 வீதி மலை அடிவாரத்தை ஒட்டியே போகிறது. கண்டியிலிருந்து வடக்கே போகும் பஸ் எதில் ஏறினாலும், நடத்துநரிடம் "தம்புள்ளை பன்சலை" என்று சொன்னால் விகாரைக்கு முன்னாலேயே இறக்கிவிடுவார். பன்சலை என்றால் சிங்களத்தில் பௌத்தக் கோயில். டவுனுக்குப் போய் இறங்கிவிட்டால் பயமில்லை, ஓட்டோ இருக்கிறது. தம்புள்ளையில் ரயில் நிலையம் இல்லை. ரயிலில்தான் வருவேன் என்பவர்கள் ஹபரணையில் இறங்கி வீதி வழியாக வரவேண்டும்.

வயதானவர்களால் ஏற முடியுமா?

கைத்தடி இல்லாமல் நடப்பவர்களால் முடியும், மெதுவாக. இளையவர்களுக்கு 15, 20 நிமிடம். என் பெரியம்மா எழுபது வயதில் ஏறினார், முக்கால் மணி நேரம் ஆனது. படிகள் ஒரே அளவில் இல்லை என்பதுதான் சிரமம். சில இடத்தில் கட்டிய படி, சில இடத்தில் பாறையிலேயே வெட்டியது. மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு, ஆகவே யாராவது கூடவே இறங்குங்கள். சக்கர நாற்காலியில் மேலே போக வழி இல்லை.

மேலே கடை கிடையாது. தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும். கழிவறை வேலையைக் கீழேயே முடித்துக்கொள்ளுங்கள். இறங்கி வந்ததும் வீதியோரத்தில் செவ்விளநீர் வெட்டித் தருவார்கள்.

எந்த நேரம் நல்லது?

காலையில், திறந்ததும். இல்லையென்றால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு. இதற்கு இரண்டு காரணம். ஒன்று, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் முற்றத்துக்குள் போகவேண்டும். முற்றம் வெறும் பாறை. நடுப்பகலில் அது தோசைக்கல் மாதிரி கொதிக்கும். காலுறை போட்டுக்கொண்டு போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். இரண்டாவது, பதினொரு மணிக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வந்து குவியும். குகைக்குள் நின்று பார்ப்பதற்கு அமைதி வேண்டும்.

மழை இங்கே பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. போயா நாளில், அதாவது பௌர்ணமி தினத்தில், உள்ளூர்ச் சனம் நிறைய வரும். படம் எடுக்க வருபவர்களுக்கு அது இடைஞ்சலாகத் தெரியலாம். எனக்கு அந்த நாள்தான் பிடிக்கும். வெள்ளை உடுத்த பாட்டிமார் வரிசையாக உட்கார்ந்து பாளியில் ஓதுவதைக் கேட்டால்தான் இது அருங்காட்சியகம் அல்ல, புழக்கத்தில் உள்ள கோயில் என்பது புரியும்.

டிக்கட்?

இலங்கையருக்குக் கட்டணம் இல்லை. வெளிநாட்டவருக்கு உண்டு. தொகை அடிக்கடி மாறுவதால் போகிற வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமான விஷயம் வேறு: டிக்கட் மேலே விற்பதில்லை. மலைக்கு ஏற ஒன்றுக்கு மேற்பட்ட பாதை இருக்கிறது. ஒருமுறை ஒரு ஓட்டோக்காரர் எங்களை வேறு பக்கத்தில் இறக்கிவிட்டார். மேலே போன பிறகு டிக்கட் கேட்டார்கள். சென்னையிலிருந்து வந்த மாமா இறங்கி, வாங்கி, திரும்ப ஏறினார். ஏறுவதற்கு முன் டிக்கட் கவுண்டர் எங்கே என்று கேட்டுவிடுங்கள்.

என்ன உடுப்பது?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும்தான். வெள்ளை அல்லது வெளிர் நிறம் நல்லது. தொப்பியை வாசலில் கழற்ற வேண்டும். உடம்பில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருப்பவர்கள் கவனம். 2014-ல் கையில் அப்படிக் குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பெண்ணை விமான நிலையத்தில் கைது செய்து நாடு கடத்தினார்கள். பிறகு உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது என்றாலும், அந்த அலைச்சல் உங்களுக்கு எதற்கு? மூடிக்கொண்டு போங்கள்.

அசைவம் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. சாதாரணமாக வருபவர்களுக்கு அப்படி விதி எதுவும் இல்லை. வருகிற சிங்களக் குடும்பங்களிலும் மீன் சாப்பிடுபவர்கள்தான் அதிகம். போயா நாளில் சில் எடுப்பவர்கள், அதாவது நோன்பு இருப்பவர்கள், மதியத்துக்குப் பிறகு சாப்பிடுவதில்லை. நாடு முழுக்க அன்றைக்கு மதுக்கடை பூட்டு. உங்கள் மனசுக்குச் சைவமாகப் போவதுதான் சரி என்று பட்டால் அப்படியே போங்கள்.

உள்ளே படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், பிளாஷ் இல்லாமல். அந்த வெளிச்சம் பழைய வர்ணத்துக்குக் கேடு. புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பது இந்த நாட்டில் பெரிய அவமரியாதை. சிலைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளைப் படம் எடுப்பதாக இருந்தால் அவரும் சிலையை நோக்கி நிற்கட்டும். சிலையையும் சுவரையும் தொடாதீர்கள். கை வியர்வை போதும், 250 வருடச் சுண்ணப்பூச்சு உதிர்ந்துவிடும்.

அப்படி உள்ளே என்னதான் இருக்கிறது?

கணக்காகச் சொன்னால், 150-க்கும் மேற்பட்ட சிலைகள், சுமார் 2,100 சதுர மீட்டர் ஓவியம். 1991-ல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கணக்கை வைத்துக்கொண்டு உள்ளே போனால் ஏமாந்துவிடுவீர்கள். வெளியில் வெயில் கண்ணைக் கூசும். வாசலைத் தாண்டியதும் ஒன்றுமே தெரியாது, இருட்டு. பாதிப் பேர் அந்த இருட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு படம் எடுத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். நான் கூட்டிப்போகிறவர்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே போனதும் ஒரு ஓரமாக நில்லுங்கள், கண் பழகட்டும். கொஞ்சம் கொஞ்சமாக முகங்கள் தெரியத் தொடங்கும். முதலில் பக்கத்திலிருக்கும் சிலையின் கன்னம், அப்புறம் அதற்குப் பின்னால் இன்னொன்று, அப்புறம் தலைக்கு மேலே முழுப் பாறையும் வர்ணமாக விரியும்.

முதல் குகை சிறியது. பெயர் தேவராஜ லெண (லெண என்றால் சிங்களத்தில் குகை). பாறையிலேயே செதுக்கிய, சுமார் 14 மீட்டர் நீளமான புத்தர் படுத்திருக்கிறார். காலடியில் அவருடைய சீடர் ஆனந்தர். இடம் நெருக்கடி என்பதால் முழு உருவத்தையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. தலையிலிருந்து கால்வரை நடந்துதான் பார்க்கவேண்டும். பாதத்தின் அடிப்பகுதி சிவப்பு, அதில் பூ வேலைப்பாடு. பொதுவாகச் சயனப் புத்தரின் இரண்டு பாதமும் நேராகச் சேர்ந்திருந்தால் அது ஓய்வு. மேல் கால் சற்றுப் பின்னுக்கு இழுபட்டிருந்தால் பரிநிர்வாணம், அதாவது புத்தரின் இறுதி மறைவு. பார்த்து நீங்களே சொல்லுங்கள். விளக்குப் புகையும் சாம்பிராணிப் புகையும் இந்தக் குகையின் ஓவியத்தை நன்றாகக் கறுக்க வைத்துவிட்டன.

இரண்டாவது, மஹாராஜ லெண. மலை ஏறுவதே இதற்காகத்தான். அகலம் 50 மீட்டருக்கு மேல், உள்ளே போகப் போகக் கூரை தாழ்ந்து வரும். மகர தோரணத்துக்குக் கீழே பிரதான புத்தர், அதைச் சுற்றி நின்றும் இருந்தும் பல புத்தர்கள், ஒரு தாகபை, அதாவது தூபி, இரண்டு அரசர்களின் சிலைகள். தயவு செய்து அண்ணாந்து பாருங்கள். கூரையைச் சமப்படுத்தாமல், பாறை எப்படி மடிந்து வளைந்து போகிறதோ அதன் மேலேயே சுண்ணம் பூசி வரைந்திருக்கிறார்கள். சிவப்பும் மஞ்சளுமான கோலம் பாறையோடு சேர்ந்து ஏறி இறங்குவதால், காற்றில் லேசாகத் தொய்ந்த பந்தல் துணி போலவே தெரியும். கல் என்பது மறந்துபோகும். புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனின் படை ஆயுதங்களோடு சூழ, நடுவில் புத்தர் அசையாமல் இருக்கும் காட்சியும் அந்தக் கூரையில்தான். நீலகம என்ற ஓவியப் பரம்பரை தலைமுறை தலைமுறையாக இங்கே வரைந்தும் பழுது பார்த்தும் வந்திருக்கிறது. அந்த வேலைக்காக அவர்களுக்கு நிலமும் விடப்பட்டிருந்தது.

மூன்றாவது மகா அலுத் விகாரை, பதினெட்டாம் நூற்றாண்டில் செய்தது. நான்காவதில் உடைந்து சரிசெய்த ஒரு தாகபை இருக்கிறது. அதற்குள் சோமாவதி ராணியின் நகை இருப்பதாக நம்பித் திருடர்கள் உடைத்தார்களாம். ஐந்தாவது கடைசியாக வந்தது, 1915-ல் புதுப்பித்து வர்ணம் தீட்டினார்கள். குகைகளுக்கு முன்னால் நீளமாகத் தெரியும் வெள்ளை முகப்பைப் பழையது என்று நினைத்துவிடாதீர்கள், அது 1938-ல் கட்டியது. உண்மையில் பழையதைப் பார்க்க வேண்டுமென்றால் முகப்புக்கு மேலே பாறையின் நெற்றியைப் பாருங்கள். மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டும்படி ஒரு விளிம்பு வெட்டியிருக்கிறது. அதற்குக் கீழே பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு.

இரண்டாவது குகையில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதாமே?

ஆமாம். தடுப்புக் கம்பிக்குள் ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். கூரையின் வெடிப்பு வழியாக வரும் நீர் அதில் விழுகிறது. எந்த வறட்சியிலும் இது வற்றியதில்லை என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அந்த நீரைப் பூசைக்குப் பயன்படுத்துகிறார்கள், வருகிறவர்களுக்குக் கொடுப்பதில்லை. துளி விழுகிற இடைவெளி நீளமானது. ஒரு துளி விழும், அப்புறம் ஒன்றும் இல்லை. போய்விடலாமா என்று நினைக்கும்போது அடுத்தது விழும். சுற்றிலும் பேச்சுச் சத்தம் இருந்தால் அது கேட்கவே கேட்காது. காலையில் வரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழரை எதிரிகளாகக் காட்டும் இடம்தானே, நாங்கள் ஏன் போகவேண்டும்?

கோபத்தோடு கேட்டவர்களும் உண்டு, வருத்தத்தோடு கேட்டவர்களும் உண்டு. இந்த நாட்டில் நாங்கள் பட்டதற்குப் பிறகு இது நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது.

கதை இப்படித் தொடங்குகிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தலைவர்கள் தலைநகரான அநுராதபுரத்தைப் பிடிக்க, வலகம்பா மன்னன் தப்பியோடினான். 14 வருடம் காட்டில் மறைந்து வாழ்ந்தபோது இந்தக் குகைகளில் தங்கினான் என்றும், ஆட்சி திரும்பக் கிடைத்ததும் நன்றியாக விகாரை அமைத்தான் என்றும் சொல்வார்கள். இரண்டாவது குகைச் சுவரில் சிங்கள மன்னன் துட்டகைமுனுவும் தமிழ் மன்னன் எல்லாளனும் மோதும் போர்க்காட்சியும் உண்டு. இதெல்லாம் உண்மை.

இப்போது அதே சுவரை வரைவித்தது யார் என்று பாருங்கள். இன்று நாம் பார்க்கும் ஓவியங்களில் பெரும்பகுதி கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தவை. 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்டவர், மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வம்சம். நெற்றியில் திருநீறு பூசுகிறார் என்று அவரைக் குறை சொன்னவர்கள் அவரது அவையிலேயே இருந்தார்கள். 1760-ல் அவரைக் கவிழ்க்கச் சதியும் நடந்தது. அந்த மனிதர்தான் இங்கே பிக்குப் பரம்பரை அறுந்துபோயிருந்த காலத்தில் சியாம் தேசத்துக்குத் தூது அனுப்பி, 1753-ல் உபாலி தேரரை வரவழைத்து உபசம்பதாவை, அதாவது பிக்குகளின் முழுத் துறவுச் சடங்கை, மீட்டுக் கொடுத்தார். அவரது சிலை மூன்றாவது குகையில் நிற்கிறது. அந்த வம்சத்தின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815-ல் ஆங்கிலேயர் பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனார்கள். 1832-ல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய முத்துமண்டபத்தைப் பார்த்த வேலூர்க்காரர்களுக்கு இந்த மலை அந்நியமாக இருக்க முடியாது.

எல்லாளன் விஷயத்திலும் ஒன்று. அவன் 44 வருடம் நீதி தவறாமல் ஆண்டான் என்று எழுதிவைத்ததே, பிக்குகள் பாளியில் எழுதிய வரலாற்று நூலான மகாவம்சம்தான். கன்றை இழந்த பசு மணியடித்து நீதி கேட்ட கதையை அது எல்லாளனுக்குச் சொல்கிறது, நாம் மனுநீதிச் சோழனுக்குச் சொல்கிறோம். போரில் கொன்ற பிறகு, எல்லாளனின் நினைவிடத்தைக் கடக்கும்போது வாத்தியம் வாசிக்கக் கூடாது என்று துட்டகைமுனு கட்டளையிட்டதையும் அதே நூல்தான் சொல்கிறது. அந்தச் சுவருக்கு முன்னால் என் பிள்ளைகளை நிறுத்தி இந்த முழுக் கதையையும் சொல்லியிருக்கிறேன். பாதிக் கதையை மட்டும் சொல்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். முழுக்கதைக்குச் சாட்சி இங்கே இருக்கிறது, அதனால்தான் போகச் சொல்கிறேன்.

விகாரைக்குள் விஷ்ணு எப்படி வந்தார்? நாங்கள் கும்பிடலாமா?

சிங்கள பௌத்தர்களுக்கு விஷ்ணு இந்தத் தீவையும் புத்த சாசனத்தையும் காக்கும் தெய்வம். முதல் குகையைத் தன் சக்தியால் உண்டாக்கியவர் விஷ்ணுவே என்று ஐதீகம், அங்கே புத்தரின் தலைமாட்டில் நிற்கிறார். பக்கத்திலேயே சிறிய விஷ்ணு தேவாலயமும் இருக்கிறது. இரண்டாவது குகையில் சிவனொளிபாத மலைக்குரிய சமன் தெய்வமும் உண்டு.

தாராளமாகக் கும்பிடலாம். தேங்காய் உடைப்பது, அர்ச்சனை என்பதெல்லாம் புத்தருக்கு இல்லை. பூ, விளக்கு, ஊதுபத்தி, அவ்வளவுதான். அடிவாரத்தில் தாமரையும் நீலோற்பலமும் விற்பார்கள். வாங்கும்போது பூக்காரம்மாவின் கையைக் கவனியுங்கள். மூடிய மொட்டின் வெளி இதழை ஒவ்வொன்றாக விரலால் மடித்து உள்ளே செருகி, ஒரு நிமிடத்தில் மொட்டை மலராக்கிவிடுவார். பிக்கு யாராவது எதிரே வந்தால் கை கூப்பி விலகி வழி விடுங்கள், பெண்கள் அவர்களைத் தொடுவதையோ கையில் நேராக எதையும் கொடுப்பதையோ தவிர்ப்பது வழக்கம்.

குரங்குத் தொல்லை உண்டா?

உண்டு. வாழைப்பழம், பிஸ்கட், சில நேரம் தாமரைப்பூவைக்கூடப் பறித்துத் தின்னும். பையை மூடி வையுங்கள், பிள்ளைகள் கையில் தின்பண்டம் கொடுக்காதீர்கள்.

அடிவாரத்துத் தங்கப் புத்தர் சிலைதான் பழைய கோயிலா?

இல்லை. வீதியிலிருந்தே தெரியும் அந்தப் பெரிய சிலையும் கட்டிடமும் நம் காலத்தவை. தங்கப் பெயர் மட்டும் பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையை ஆண்ட நிசங்கமல்லன் இங்குள்ள 73 சிலைகளுக்குத் தங்கமுலாம் பூசுவித்ததாகச் சொல்கிறார்கள். ரங்கிரி, அதாவது தங்க மலை, என்ற பெயர் அதனால் வந்தது. கீழே படம் எடுத்துவிட்டு, தம்புள்ளை பார்த்தாயிற்று என்று பஸ் ஏறியவர்களை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்காது.

சிகிரியாப் பாறைக்கோட்டையோடு சேர்த்து ஒரே நாளில் பார்க்கலாமா?

பார்க்கலாம், இடையில் 20 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் சிகிரியா ஏறிக் களைத்த காலோடு மத்தியானம் இங்கே வந்தால் குகைக்குள் நிற்கப் பொறுமை இருக்காது. ஒரே நாள்தான் இருக்கிறதென்றால் விடியக் காலை சிகிரியா, நடுப்பகலில் எங்காவது சாப்பிட்டு ஓய்வு, நான்கு மணிக்குத் தம்புள்ளை. மேலே முற்றத்து வெள்ளரச மரத்தடியிலிருந்து பார்த்தால், வானம் தெளிவாக இருக்கும் பின்னேரங்களில் சிகிரியாப் பாறை தூரத்தில் தெரியும்.

கண்டியிலிருந்து வரும் வழியில் நிற்க வேண்டிய இடங்கள்?

எங்கள் ஊர் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில், வீதியோரத்திலேயே, 108 அடி ராஜகோபுரத்தோடு. அதைத் தாண்டிச் சில நிமிடத்தில் அலுவிகாரை. அதுவரை வாய்வழியாக வந்த திரிபிடகம் என்ற பௌத்த மறைநூலை, அதே வலகம்பா காலத்தில், ஓலையில் எழுதியது அங்கேதான். இன்னும் வடக்கே நாலந்தா கெடிகே, பல்லவர் பாணிக் கற்கோயில் போலவே இருக்கும் பௌத்தக் கட்டிடம். நீர்த்தேக்கத்தில் மூழ்காமல் இருக்க ஒவ்வொரு கல்லாகப் பிரித்து மேட்டில் திரும்பக் கட்டினார்கள்.

இந்த வீதிக்கு இன்னொரு கதையும் உண்டு. 1848 ஜூலையில் ஆங்கிலேயருக்கு எதிராக மாத்தளைக் கலகம் வெடித்தபோது, கலகத் தலைவர் கொங்காலேகொட பண்டாவுக்கு முடி சூட்டியது தம்புள்ளை விகாரையில்தான்.

இறங்கிய பிறகு நேரம் மிஞ்சினால்?

இப்பன்கட்டுவ போங்கள், விகாரையிலிருந்து சில கிலோமீட்டர்தான். பெரும்பாலான சுற்றுலா பஸ்கள் அங்கே திரும்புவதே இல்லை. பலகைக் கற்களைப் பெட்டி போல நட்டு, மேலே மூடிக்கல் வைத்த ஈமக்குழிகள், உள்ளே தாழிகள். குகையில் முதல் விளக்கு எரிவதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. தென்னிந்தியப் பெருங்கற்காலப் புதைகுழிகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் அமைப்பு உடனே அடையாளம் தெரியும். அகழ்ந்தபோது கார்னீலியன் என்ற செம்மணிக்கல் மணிகளும் கிடைத்தன. அங்கே நிழல் குறைவு, குடை எடுத்துப் போங்கள்.